மாமியார் உலை

அண்ணனின் செருப்பு உலைக் கதவுக்கு முன்னால் கிடந்தது. அவள் அதைப் பார்த்தபோது மதியம் மூன்று மணி. உலை ஆயிரத்து நூறு டிகிரியைத் தாண்டியிருந்தது.

பீங்கான் குழாய்கள் எவ்வளவு சூடு தாங்குமென்று சோதிக்கிற ஆய்வுக்கூடம் அது. ஆள் குனிந்து உள்ளே போகலாம், அவ்வளவு பெரிய உலை. அவசரப்பட்டால் வெடிக்கும், ஆறுவதற்குள் திறந்தால் கீறல் விடும் என்பதால் எல்லாரும் அதை மாமியார் என்பார்கள். உள்சுவரைப் பூசப் போகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தன் பெயர் அட்டையைச் சுவிட்சில் மாட்டிவிட்டுப் போவார். அது தொங்கும்வரை யாரும் சுவிட்சைப் போடக் கூடாது; மாட்டியவரேதான் எடுக்க வேண்டும்.

காலையில் அண்ணனின் அட்டை தொங்கியது. பூச்சு வேலைதான் நேற்றே முடிந்துவிட்டதே. இந்த மாதம் மூன்றாவது தடவையாக எடுக்க மறந்துவிட்டான் மறதி மன்னன் என்று முணுமுணுத்தபடி அதை எடுத்துப் பையில் போட்டாள். பூச்சு காய வெறும் உலையைத்தானே சூடேற்றப்போகிறோம் என்று உள்ளேயோ காலடியிலோ குனிந்துகூடப் பார்க்காமல் கதவைச் சாத்திச் சுவிட்சைப் போட்டாள். காற்றாடி இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை.

மதியம் அண்ணி போன் செய்தாள். "உங்க அண்ணன் சாப்பிட வரலையே?"

"எங்கயாவது அரட்டை அடிச்சிட்டிருப்பான் அண்ணி."

இப்போது செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. வேறு யாருடைய கையோ போல அவள் கை சுவிட்சை அணைக்கப் போனது.

"பாப்பா, அணைக்காத."

உலைக்குள்ளிருந்துதான். குளியலறையிலிருந்து துண்டு கேட்கும் அதே குரல்.

"அண்ணா?"

"இன்னும் கொஞ்சம் ஏத்து."

சின்ன வயதிலிருந்தே அவன் சொன்னால் செய்துவிடுவாள். பொத்தானை அழுத்தினாள். ஆயிரத்து இருநூறு. சுட்ட தூசி வாசனை மூக்கில் ஏறியது. ஆயிரத்து முந்நூறு. உள்ளே செங்கல் எங்கோ சடசடத்தது. ஜன்னலில் வெயில் இறங்கியது.

"போதுமாண்ணா?"

"போதல."

ஆயிரத்து ஐந்நூறு.

"போதுமா?"



ஆயிரத்து அறுநூறு. அதற்குமேல் அந்த உலை ஏறாது.

கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கதவிலிருந்த பார்வைத் துளையில் கண்ணை வைத்தாள்.

வெள்ளை வெளிச்சம்.

"குளிருது பாப்பா."

அந்த வெளிச்சத்தின் நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, பற்கள் அடித்துக்கொள்ள, அண்ணன் நடுங்கிக்கொண்டிருந்தான்.