கடைசி அறையின் பசி

பிரசவ வார்டில் என்னைத் 'தராசு சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பால் போதவில்லை என்று யார் கண்ணைக் கசக்கினாலும், பால் குடிக்கும் முன் ஒரு தடவை, குடித்த பின் ஒரு தடவை குழந்தையைத் தராசில் போட்டுவிடுவேன். அதே குழந்தை, அதே துணி. எத்தனை கிராம் ஏறியிருக்கிறதோ அத்தனை பால் உள்ளே போயிருக்கிறது. மாமியார்கள் சொல்வதையெல்லாம் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்தப் பெண்ணை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சிசேரியன் ஆகி மூன்றாம் நாள். மற்ற அறைகள் நிரம்பியிருந்ததால், பூட்டிக் கிடந்த கடைசி அறையைத் திறந்து கொடுத்தோம். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்க்கிற ஜன்னல். இரண்டு முறை பினாயில் ஊற்றிக் கழுவியும் புளித்த பால் வாசனை போகவில்லை. பழைய துணி எங்காவது கிடக்கும் என்று கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

பையன் பிறந்தபோது இரண்டு கிலோ எழுநூறு. புதன்கிழமை காலை இரண்டு கிலோ நானூற்று இருபது. சீட்டைப் பார்த்த டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"நாளைக்கும் குறைஞ்சா மாடிக்கு அனுப்பிடலாம், சிஸ்டர்."

மாடி என்றால் தீவிர சிகிச்சை. பிள்ளைக்கு மூக்கில் குழாய் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். பெற்றவள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

மாமியாருக்கு நாக்கு நீளம். "எட்டு வருஷம் காத்திருந்து பொறந்த புள்ள. பால் இருந்தாத்தானே குடிக்கும்? பட்டினி போட்டே கொன்னுடுவா போலிருக்கு."

மருமகளின் கண் ஓரிடத்தில் நில்லாமல் அறை முழுக்க அலைந்துகொண்டிருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு மாமியாரை டீ குடிக்கத் துரத்திவிட்டு, தராசோடு உள்ளே போனேன். அவளுக்கு இரண்டு மார்பும் கல்லாகக் கட்டியிருந்தது. இவளுக்கா பால் இல்லை! பையனை எடை போட்டு இடது பக்கம் விட்டேன். சரியாகத்தான் கவ்வினான். கொஞ்ச நேரத்தில் விழுங்குகிற சத்தம் கேட்டது. கொளக், கொளக். எங்கள் வேலையில் அதைவிட இனிமையான சத்தம் கிடையாது. பத்து நிமிஷத்தில் இரண்டு பக்கமும் தளர்ந்துவிட்டது. சந்தோஷமாகப் பையனைத் தூக்கித் தராசில் போட்டேன்.

ஒரு கிராம்கூட ஏறவில்லை.

தராசுதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அரை லிட்டர் சலைன் பாட்டிலை வைத்துப் பார்த்தேன். எடை சரியாகவே காட்டியது.

நாலு மணிக்கு மறுபடி போனேன். இந்தத் தடவை பையனின் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டேன்.

கொளக்.

தொண்டை அசையவில்லை.

கொளக். கொளக்.

சத்தம் வலது பக்கமிருந்து வந்தது. அங்கே அவள் கை வளைந்து, ஒரு சின்னத் தலையைத் தாங்குவதுபோல இருந்தது. கைக்குள் எதுவும் இல்லை.

"கையை ஏம்மா அப்படி வெச்சிருக்கே?" என்று கேட்டேன்.

"எடுத்தா அழுவுது, சிஸ்டர். நான் இவனுக்குத்தான் முதல்ல குடுக்கறேன். அது முந்திக்குது."

"எது?"

"தெரியல. பாவம், ரொம்பப் பசி அதுக்கு."

தூக்கமில்லாத உடம்பு பிள்ளை பெற்றவளுக்கு என்னென்னவோ காட்டும். அப்படியென்றால் டாக்டரம்மாவிடம் சொல்லி வைத்தியம் பார்க்க வேண்டும், அதில் வெட்கமே கிடையாது. ஆனால் இந்தச் சத்தத்தை நானும் கேட்டிருந்தேனே.

அன்று சாயங்காலம் வாசல் பக்க அறையில் ஒரு கட்டில் காலியானது. வேறு யாருக்கும் கொடுக்க விடாமல் அவளை அங்கே மாற்றினேன். முதல் தடவையிலேயே நாற்பது கிராம் ஏறியது. வியாழக்கிழமை காலை இரண்டு கிலோ நானூற்று எழுபது. டாக்டரம்மா மாடிப் பேச்சையே எடுக்கவில்லை. "என் மருமகளுக்கா பால் இல்ல?" என்று மாமியார் அடுத்த கட்டிலில் அளந்துகொண்டிருந்தார்.

மதியம் இரண்டு மணிக்குப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அவளுடைய சட்டை மட்டும் தொப்பலாக நனைந்தது. தாழ்வாரத்தின் கோடியையே பார்த்தபடி கட்டிலிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தாள்.

"கேக்குதா, சிஸ்டர்?"

கேட்டது. பூட்டின அறைக்குள்ளிருந்து, தொண்டை வறண்ட அழுகை.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. உன் புள்ளையைப் பாரு."

சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினோம். வாசலில் கார் நிற்கிறது, மாமியார் பையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார். இவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்கிறாள்.

"அதுக்கு யாருமே இல்ல, சிஸ்டர். எப்படி விட்டுட்டுப் போறது?"

"நான் பாத்துக்கறேன், நீ கிளம்பு."

ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை. டிரிப் தீர்ந்தாலும் அதுதான், தையல் வலித்தாலும் அதுதான். யோசித்தா சொல்கிறோம்?

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் கையை விட்டாள். அந்த ஐந்து நாளில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை மதியம் மருந்து ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி அறையில் அழுகை எழும்பியது. பக்கத்தில் இருந்த யாரும் தலை நிமிரவில்லை. கேட்காததுபோல இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரியில் மார்புக்குள் சுருக்கென்று குத்தியது. பால் இறங்கும்போது ஊசி குத்துகிற மாதிரி இருக்கும் என்று எத்தனையோ பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

குனிந்து பார்த்தேன்.

வெள்ளைச் சீருடையில் இரண்டு ஈர வட்டங்கள்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் பிள்ளை பெற்றதில்லை.

பயந்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அழுகையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அறையைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அழுகை நின்றது.

மடியில் மெல்ல ஒரு கனம் ஏறியது. இரண்டு கிலோகூட இருக்காது.