கிழக்குச் சுவர் நகர்ந்த கதை

அன்று காலை ஏழு மணிக்கு அந்த இடத்தில் நின்றவர்கள் ஐந்து பேர். நிலம் கொடுத்த வீட்டின் பெரியவர் பெரியண்ணன். அவர் தங்கை பெருமாயி. பெரியண்ணன் எப்போது சறுக்குவார் என்று பார்த்துக்கொண்டிருக்கும் அவர் மைத்துனர் மாயவன். கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த கட்டட வடிவமைப்பாளர் மெர்லின். அவர் உதவியாளர் பிரவீன்குமார்.

நகர்ந்திருந்தது ஒரு சுவர். இன்னும் கட்டப்படாத சுவர்.

கல்வராயன் மலையில் இந்த ஊருக்குப் பொதுக்கூடம் கட்ட வந்த மெர்லின் படம் வரைந்து காட்டவில்லை. முளையும் கயிறும் கொடுத்து, "எவ்ளோ பெருசு வேணுமோ நீங்களே கட்டிக் காட்டுங்க" என்றார். முந்தின நாள் ஊர் கூடிக் கயிறு கட்டியது. வாசலுக்கு இடைவெளி விட்டது. பொழுது சாய, பெருமாயி உள்ளே சாணம் மெழுகினார்.

இப்போது கிழக்குக் கயிறு இரண்டு கை நீளம் உள்ளே தள்ளி நின்றது. மெழுகிய தரையில் ஒரு பட்டை வெளியே, பெரியண்ணனின் கொல்லையை ஒட்டிக் கிடந்தது.

"இன்னா மாமா, கயித்துக்குக் கால் மொளச்சிச்சா?" என்றார் மாயவன். "அப்பன் குடுத்ததைப் புள்ள திருப்பி எடுத்துக்கினாரு போல!"

பெரியண்ணன் நிமிர்ந்தே நின்றார். மனம்தான் எங்கோ போனது. பழைய கூரைச் சாவடியில் பாதி ஊர் உள்ளே சாப்பிடும். மீதி ஊர் இலையைத் தலைக்குப் பிடித்து மழையில் காத்து நிற்கும். ஒரு திருவிழாவில் அதைப் பார்த்த அப்பா, ஈரத்துண்டைப் பிழிந்தபடி, "ஊரு ஒரே பந்தியில உக்காரணும்" என்று இந்த நிலத்தைக் கொடுத்தார். சூடான சாமைச் சோற்றின் வாசனை இன்றும் அவர் மூக்கில் இருந்தது. அந்த அப்பாவின் பெயருக்கா இந்தக் கறை?

மெர்லின் குனிந்தார். இடம் மாற்றி நட்ட முளைகளின் ஓரம், காயாத சாணத்தில், கலைந்த செருப்புத் தடங்கள்.

"செருப்பு இல்லாத வூடு ஏதும்மா?" என்றார் மாயவன்.

"ராத்திரி எங்க இருந்தீங்க?" என்று அவரையே கேட்டார் மெர்லின்.

"வூட்டுல."

"பிரவீன்?"

"ஸ்கூல்ல படுத்திருந்தேன் மேடம்."

"சரி, எல்லாரும் உள்ள வாங்க. அளந்து பாத்துடலாம்."

கொதித்துக்கொண்டிருந்த பெரியண்ணன் வாசல் இடைவெளிவரை சுற்றிப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார். முணுமுணுத்துக்கொண்டே மாயவனும் அப்படியே செய்தார். டேப்போடு வந்த பிரவீன்குமார், செருப்புக் காலோடு பக்கத்துக் கயிற்றைத் தாண்டினார்.

"அங்கயே நில்லுங்க பிரவீன்" என்றார் மெர்லின். "ராத்திரி விழுந்த இந்தத் தடமும் வாசல் வழியா வரல. சுவரைத் தாண்டித்தான் வந்திருக்கு. மெழுகினதுமே இவங்களுக்கு இது வீடு ஆயிடுச்சு. கோவத்துலகூடச் செருப்போட நுழைய மாட்டாங்க. உங்களுக்கு மட்டும்தான் இது இன்னும் கயிறு."

பிரவீன்குமார் தலை குனிந்தார். "இவங்களைக் கேக்கறதுக்கு முன்னாடியே சின்ன அளவுல பிளான் வரைஞ்சி முடிச்சிட்டேன் மேடம். இவங்க கட்டின அளவுன்னா மறுபடி வரையணும். ரெண்டு கைதானே, யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

"மெழுகுனவளுக்குத் தெரியாதா தம்பி?" என்றார் பெருமாயி.

பிரவீன்குமாரே முளைகளைப் பிடுங்கிப் பழைய குழிகளில் நட்டார், இந்த முறை வெறுங்காலோடு. மாயவன் மன்னிப்புக் கேட்கவில்லை. "வாங்க மாமா, டீ ஆறிடும்" என்று மட்டும் சொன்னார்.

பெரியண்ணன்தான் கயிற்றை நகர்த்தினார், மாட்டிக்கொண்டதும் திருப்பி வைத்தார் என்று சங்கராபுரம் பஸ்ஸில் இன்றும் சிலர் பேசுகிறார்கள். அது பொய். நகர்த்தியவர் பிரவீன்குமார். கொடுத்த நிலத்தில் ஒரு சாண்கூட அந்த வீட்டார் திருப்பிக் கேட்டதில்லை.