ஒரு சுற்று மூத்தவள்

தன் குடைக்கம்பி பக்கத்தில் வந்தவனின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டதை மின்ஷூ கவனிக்கவில்லை. காலடியில் ஏதோ நொறுங்கிய பிறகுதான் நின்றாள்.

சீனாவின் சோங்சிங் நகரத்துப் படிக்கட்டுத் தெருவில், மழை நாளில், அப்படி நடுவில் நிற்கக் கூடாது. பின்னால் வந்தவர்கள் இரண்டு பக்கமும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

"அது என் கண்ணாடிதானே?" என்று ஒரு குரல் கேட்டது.

"ஆமா... ஒரு நிமிஷம் முன்னால வரைக்கும்."

முகமெல்லாம் மழையோடு ஓர் இளைஞன் நின்றான். கோபத்தைக் காணோம். அவள் தோளுக்கு இடப்பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"திட்ட மாட்டீங்களா?" என்றாள்.

"திட்டணும்தான். எங்க நிக்கறீங்கன்னு தெரிஞ்சாத்தானே?"

"உங்களுக்கு நேர் எதிர்ல. நீங்க மரத்தைப் பாத்துப் பேசறீங்க."

"மரமா? அதான் ரொம்ப அமைதியான பொண்ணா இருக்கேன்னு பாத்தேன்."

மின்ஷூவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளையாக அவளுடைய கண்ணாடிக் கடை நாற்பது படிகளுக்குக் கீழேதான் இருந்தது. கைப்பையின் வாரை அவன் கையில் கொடுத்து, ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே இறக்கினாள். தன் பெயர் யூஹாங் என்றான். யாங்சி ஆற்றைக் கடக்கும் ரோப் காரில் வேலையாம்.

"கண்ணு தெரியாதவர் கையிலயா வண்டியைக் குடுத்திருக்காங்க?"

"வண்டி தானா போகும். நான் கதவைத் திறந்து மூடறதோட சரி."

கடையில் அவனை நாற்காலியில் உட்காரவைத்தாள். சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். சுவர் அட்டையில் 'E' எழுத்துகள் நாலு திசையிலும் திரும்பி நிற்கும். எது எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையால் காட்ட வேண்டும். மேலே, கீழே, வலது என்று ஒழுங்காகத்தான் காட்டிக்கொண்டு வந்தான். மைனஸ் ஆறு உள்ளே இறங்கியதும் அவன் கை அப்படியே நின்றது.

அட்டையை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கருகருவென்ற கண்கள்... இமையில் இன்னும் ஒரு மழைத்துளி. பதினாலு வருஷமாகக் கண்களைப் பார்ப்பதுதான் மின்ஷூவுக்குத் தொழில். ஆனால் எந்தக் கண்ணும் அவளை இப்படித் திரும்பிப் பார்த்ததில்லை.

பார்க்கட்டும், என்று நினைத்தாள். மைனஸ் ஆறில் என் கண்ணோரச் சுருக்கமும் சேர்ந்துதான் தெரியும்.

"சுவரைப் பாருங்க. கடைசி வரி தெரியுதா?"

"அதுக்கு நீங்க கொஞ்சம் நகரணும்... நகர வேணாம்."

நனைந்த ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தான். காலில் பளிச்சென்று சிவப்பு சாக்ஸ். அவள் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. சீன நாட்காட்டியில் வருஷத்துக்கு ஒரு விலங்கு. பிறந்த விலங்கின் வருஷம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும்போது, உடம்பில் காப்பாகச் சிவப்பு இல்லாமல் எந்த அம்மாவும் பிள்ளையை வெளியே விட மாட்டாள். இது டிராகன் வருஷம்.

அவன் கயிற்றைப் பார்த்தான். அவள் சாக்ஸைப் பார்த்தாள்.

"இருபத்துநாலா?" என்றாள்.

"ஆமா. நீங்க..." சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"முப்பத்தாறு. ஒரு முழுச் சுற்று பெரியவ. அதனால இனிமே அக்கான்னு கூப்பிடு."

"அது மட்டும் முடியாது."

"ஏன்?"

"அக்கா இருக்கா. ஒண்ணு போதும், அடி தாங்கல."

அகலமான கறுப்புச் சட்டம் போட்ட புதுக் கண்ணாடியை இலவசமாகவே கொடுத்து அனுப்பினாள். மறுநாளே வந்தான். திருகு தளர்ந்துவிட்டதாம். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தான். இன்னொரு திருகு. அடுத்த வாரம் காரநூடுல்ஸ் பொட்டலம் இரண்டோடு வந்து, "இன்னைக்குத் திருகு எதுவும் தளரல, சும்மாதான் வந்தேன்" என்றான். அன்றைக்குத்தான் மின்ஷூ திருகாணியைத் தேடி மேஜை இழுப்பறையைத் தயாராகத் திறந்து வைத்திருந்தாள்...

இப்படியே மூன்று மாதம் போயிற்று. ஒருநாள் மதியம், அவன் இருக்கும்போது அம்மா பன்றிக்கறிக் கொழுக்கட்டை கொண்டுவந்தாள்.

கண்ணாடிக்கடைக்காரியைப் பெற்ற அம்மா கண்ணாடி போட மாட்டாள். போட்டால் கிழவி ஆகிவிடுவாளாம். அவளுக்கு யூஹாங் ஓர் உயரமும் ஒரு கறுப்புச் சட்டமுமாகத்தான் தெரிந்திருப்பான்.

"தம்பி அடிக்கடி வர்றியாமே, எதிர்க்கடையில சொன்னாங்க. கண்ணு அவ்வளவு மோசமா?"

"வர வர மோசமாயிட்டே இருக்கும்மா."

அம்மா ரசித்துச் சிரித்தாள். அப்புறம் எல்லா அம்மாக்களும் கேட்கிறபடி கேட்டாள். வயதை யாரும் நேராகக் கேட்பதில்லை, விலங்கைத்தான் கேட்பார்கள்.

"நீ என்ன வருஷம்?"

"டிராகன்மா."

"அட! எங்க மின்ஷூவும் டிராகன்தான்! ரெண்டும் ஒரே வயசு!"

"இல்லம்மா, நான்..." என்று அவன் வாயைத் திறந்தான். மின்ஷூ அந்த வாயில் ஒரு கொழுக்கட்டையைத் திணித்தாள்.

அம்மா போனதும் அவன் அதை மென்று, விழுங்கி, நிதானமாகக் கேட்டான்.

"ஏன் சொல்ல விடல?"

"அம்மா எவ்வளவு சந்தோஷமா இருந்தா, பாத்தியா?"

"நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன். கொழுக்கட்டை வர்ற வரைக்கும்." அவன் குரலில் விளையாட்டு இல்லை. "என் வயசு எனக்கு அவமானமா இல்ல. உங்களுக்குத்தான் இருக்கு."

"அவமானமா? எனக்கா?"

"அப்ப சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நான் கடைப்பக்கம் வரல."

வரவும் இல்லை. பத்து நாள்.

முப்பது வயதில் யாரையும் கேட்காமல் கடை போட்டவள் மின்ஷூ. வாடகையை ஏற்ற வந்த கட்டட முதலாளியைப் படிவரைக்கும் துரத்தியவள். அப்படிப்பட்டவளுக்கு 'இருபத்துநாலு' என்று ஒரு சொல் சொல்ல வாய் வரவில்லை... அதுதான் எரிச்சலாக இருந்தது. அவன்மேல் இல்லை, தன்மேலேயே.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் மாஜோங் ஆட்டம். அம்மாவோடு வழக்கமாக ஆடும் ஃபாங் அத்தையும் இன்னும் இருவரும் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டிவியில் அம்மாவின் உயிரான தொடர் ஓடியது. பெரிய வக்கீலம்மாவுக்கும், அவளைவிடப் பத்து வயது சின்ன நீச்சல் வீரனுக்கும் காதல். அவன் விமான நிலையத்தில் தனியாக நின்றான். அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"ஓடுடி! ஓடிப் போய் நிறுத்துடி அவனை!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள். அதே மூச்சில் ஃபாங் அத்தையிடம், "நம்ம மின்ஷூவுக்கும் ஒருத்தன் வந்துட்டான். ரெண்டும் டிராகன். அக்டோபர் லீவுல கல்யாண விருந்து வெச்சுடலாம்" என்றாள்.

மின்ஷூ டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"அம்மா, அவன் டிராகன்தான். ஆனா எனக்கு அடுத்த சுற்று டிராகன்."

நாலு பேரின் கையும் நின்றது. அம்மா விரல்விட்டு எண்ணினாள். இரண்டாம் முறையும் எண்ணினாள்.

"இருபத்துநாலா?!"

"இருபத்துநாலு."

"உனக்கென்னடி பைத்தியமா?"

"இந்த வக்கீலம்மாவுக்காக ஒரு மாசமா அழறியே?"

"அது டிவி! அவ என் வயித்துல பொறக்கல!"

"பொறந்திருந்தா தொடர் ரெண்டாம் நாளே முடிஞ்சிருக்கும்," என்றாள் ஃபாங் அத்தை, காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மாவின் குரல் இறங்கியது. "நாளைக்கு உனக்கு அம்பது ஆகும். அவன் விட்டுட்டுப் போயிட்டா?"

"போனா அழுவேன். அழுதுட்டுக் கடையைத் திறப்பேன். அது எனக்குத் தெரியும்மா. ஆனா இப்ப அவன் போகல, நான்தான் வாயை அடைச்சு அனுப்பினேன். அதைச் சரி பண்ணணும்."

அம்மா ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதுவும் தெரிந்திருக்காது அவளுக்கு.

"நாளைக்கு எனக்கு ஒரு கண்ணாடி போடு," என்றாள் கடைசியில். "அவன் மூஞ்சியை நான் ஒழுங்காப் பாக்கவே இல்ல. பாத்துட்டுத் திட்டறேன்."

மின்ஷூ குடையைக்கூட எடுக்கவில்லை.

ரோப் கார் புறப்படுகிற நேரம். கடைசி ஆளாக ஏறினாள். கதவருகே சீருடையில் நின்ற யூஹாங் ஒரு கணம் திகைத்தான். பிறகு அலுவலகக் குரலில், "கதவில் சாயாதீர்கள்" என்றான். கதவு மூடியது. கரை விலகியது. கண்ணாடி ஜன்னலில் மழை கோடு கோடாக இறங்க, கீழே ஆறு பழுப்பாக ஓடியது.

"யூஹாங்..."

"வேலை நேரத்துல பயணிங்களோட பேசக் கூடாது."

"நீ பேசாத. நான் பேசறேன்."

சுற்றிலும் முப்பது பேர். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன். இங்கயும் சொல்றேன். எனக்கு முப்பத்தாறு, உனக்கு இருபத்துநாலு. எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு. நீ வராத பத்து நாளும் கடையில ஒரு வேலையும் ஓடல."

மீன் பை வைத்திருந்த ஒரு பெண்மணி செல்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். யூஹாங்கின் காது மடல்கள் சிவந்துகொண்டே போயின. அவன் விதியை மீறவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எதிர்க்கரை வந்துவிட்டது. வண்டி லேசாக ஆடி நின்றது.

"தம்பி, கதவு!" என்றாள் மீன் பைக்காரி. "பதில் அப்புறம் சொல்லலாம், என் மீன் செத்துடும்!"

திறந்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். மின்ஷூவும் அவர்களோடு நகர்ந்தாள். அவன் கை அவள் கைப்பையின் வாரைப் பிடித்தது.

"நீங்க இறங்காதீங்க."

"ஏன்?"

"அடுத்த கூட்டம் ஏற ரெண்டு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் வண்டியில பயணிங்க யாரும் இல்ல." தொண்டையைச் செருமிக்கொண்டான். "நீங்க பயணி இல்ல, மின்ஷூ. மூணு மாசமா சொல்லணும்னு இருந்தேன்... எனக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு. உங்களை மட்டும்தான்."