மச்சானுக்காக ஊதிய மூச்சு

இரண்டு மணி ஷிப்டுக்கு மதியம் ஒன்றரைக்கே வந்து நின்றான் பச்சைத்தண்ணி. டேங்கர் லாரி ஷெட்டில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பதினாலு வருஷமாக லாரி ஓட்டியும் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனுஷன். டிரைவர்கள் கேலியாக வைத்த பெயர், போகப்போக அதுவே அவனுக்கு மரியாதையாகிவிட்டது. எல்லாம் போன மாதம் வரைதான்.

ஷெட்டின் கோடியில், பழைய டயர்களை அடுக்கி வைத்த சுவரை ஒட்டி ஒரு சின்ன அறை. டிரைவர்கள் அதை ஊதுற ரூம் என்பார்கள். வண்டிச் சாவி வேண்டுமென்றால் முதலில் அங்கே போய், குடித்திருக்கிறோமா என்று காட்டும் மெஷினில் ஊத வேண்டும். சைபர் என்று சீட்டு வந்தால் சாவி கிடைக்கும். வேறு எண் வந்தால் வாய் கொப்பளிக்கச் சொல்லி, இருபது நிமிஷம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொல்வார்கள். அப்போதும் எண் வந்தால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். மூன்று தடவை அப்படி ஆனால் லைசென்ஸ் ரத்து. அப்புறம் ஊரில் எவனும் தள்ளுவண்டியைக்கூட நம்பிக் கையில் தரமாட்டான்.

பச்சைத்தண்ணிக்கு இரண்டு தடவை ஆகிவிட்டது.

இரண்டு தடவையும் அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடி ரத்தத்தை டெஸ்ட்டுக்குக் கொடுத்தான். ரத்தம் சுத்தம். ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் மேனேஜரிடம் நீட்டினால், "ரத்தத்தை வச்சு நான் என்னய்யா பண்றது? வண்டி எடுக்குற நேரத்துல மூச்சு என்ன சொல்லுதோ அதுதான் ரூல்" என்று திருப்பிக் கொடுத்தார். மெஷினையும் மாற்றிப் பார்த்தார்கள். புது மெஷினும் அதையேதான் சொன்னது.

இன்று காலையிலிருந்து அவன் வாயில் தண்ணீரைத் தவிர எதுவும் படவில்லை. சோறு இல்லை, பற்பசை இல்லை, இருமலுக்கு மருந்துகூட இல்லை. இந்த வேலையும் போனால் மனைவியையும் ஆறு வயது மகளையும் எப்படிக் காப்பாற்றுவது என்று யோசிக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

அறைக்குள் நர்ஸ் மட்டும் இருந்தாள். முன்பெல்லாம் ஷிப்டு மாறும்போது எட்டுப் பேர் முட்டிமோதிக்கொண்டு நிற்பார்கள். ஆற்றுப் பாலத்து விபத்துக்குப் பிறகு ஒவ்வொருவராகத்தான் உள்ளே விடுகிறார்கள்.

"வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் புதுக் குழாயைப் பிரித்து மெஷினில் சொருகினாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. "நிதானமா, நான் சொல்ற வரைக்கும் ஊதுங்க."

அவன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் குழாயில் வாயை வைத்தான்.

ஊதினான். மெஷின் மெல்ல ரீங்கரித்தது.

"போதும்" என்றாள் நர்ஸ்.

அவன் நிறுத்தினான். நெஞ்சில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

"போதும்ணே. நிறுத்துங்க."

அவன் நிறுத்திவிட்டிருந்தான்.

ஆனாலும் மூச்சு போய்க்கொண்டே இருந்தது. அவன் உதடுகளுக்கு நடுவே, அவனுடையதல்லாத ஒரு காற்று, ஐஸ் மாதிரி, ஒரே சீராக வெளியே வந்தது. குழாயிலிருந்து வாயை எடுத்தான். அப்போதும் நிற்கவில்லை. அறை முழுக்கச் சாராய நெடி. அதற்கு அடியில் ஆற்றுச் சேற்றின் வாடை.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். விரல் இடுக்கில் சீறிக்கொண்டு வந்தது.

பிறகு தானாக நின்றது.

மெஷின் சீட்டைத் துப்பியது. சைபர் இல்லை.

நர்ஸ் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். "அண்ணே, அது யாரோட மூச்சு?"

அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். யாருடையது என்று அவனுக்குத் தெரியும். முதல் தடவையே தெரியும். தெரியாத மாதிரி நடித்து நடித்து மனுஷன் பாதியாய் இளைத்திருந்தான்.

"என் மச்சானோடது" என்றான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். இதே ஷெட்டில்தான் டேங்கர் ஓட்டினார். இரண்டு மாதத்துக்கு முன் பாலத்துக் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு வண்டியோடு ஆற்றில் விழுந்தார். மூன்றாம் நாள்தான் உடம்பு கிடைத்தது. அன்று காலை அவர் ஊதிய சீட்டில் சைபர் இருந்ததால், டயர் வெடித்த விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். மனைவி அந்தச் சீட்டை வாங்கி வந்து அண்ணன் படத்தின் சட்டத்தில் சொருகி வைத்திருக்கிறாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "எங்கண்ணன் குடிச்சுட்டுப் போகலைங்க. பாருங்க, ஜீரோ" என்று காட்டுவாள்.

"அன்னிக்கு ஊதுனது அவர் இல்ல சிஸ்டர்" என்றான் பச்சைத்தண்ணி. "அவருக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை ஆகிப்போச்சு. 'மாப்ள, நேத்து கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு, இன்னிக்கு மாட்டுனா என் கதை முடிஞ்சுது, நீ ஊதிடு'ன்னு காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினார். நீங்க குனிஞ்சு எழுதிட்டிருந்தீங்க. அவர் மெஷினைப் பிடிச்சுக்கிட்டார். நான் பக்கத்துல நின்னு ஊதுனேன். எம் பொண்டாட்டியோட அண்ணனாச்சேன்னு செஞ்சேன். நான் ஊதாம இருந்திருந்தா அவருக்குச் சாவி கிடைச்சிருக்காது."

சொல்லி முடித்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதான். இத்தனை நாளும் அழக்கூட இடமில்லாமல் இருந்தது.

"அந்தச் சீட்டுல கையெழுத்து என்னோடது" என்றாள் நர்ஸ்.

இருபது நிமிஷம் ஆனது. வேறு குழாய் சொருகி நீட்டினாள். அவன் ஊதினான். அவன் நிறுத்தியபோது மூச்சும் நின்றது.

சைபர்.

இருவரும் அந்தச் சீட்டை வெறித்துப் பார்த்தார்கள். நர்ஸ்தான் முதலில் வாயைத் திறந்தாள். "மனசுல இருந்ததைச் சொல்லிட்டீங்க, விட்டுப்போச்சு. இதோட முடிச்சுக்கலாம்ணே. வெளிய தெரிஞ்சா உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க."

அவன் சரி என்று தலையை ஆட்டினான். ஆட்டியிருக்கக் கூடாது. ஆனால் சாவி கையில் இருக்கும்போது எந்த டிரைவருக்குத்தான் யோசிக்கத் தோன்றும்?

அன்று பக்கத்து ஊருக்கு ஒரே ஒரு லோடுதான். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட்டான். வழியில் பாலத்தைக் கடந்தபோதுகூட ஒன்றும் ஆகவில்லை. பல நாள் கழித்து விசில் அடித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினான்.

மனைவி வாசலுக்கே ஓடி வந்தாள். "என்னங்க ஆச்சு?"

"ஜீரோ. மெஷின்லதான் ஏதோ கோளாறாம்."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே! எங்கண்ணன்தான் கூடவே இருந்து காப்பாத்தியிருக்கான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் அவளைப் பார்க்காமல் உள்ளே போனான்.

மகள் சாப்பாட்டு மேஜையில் பால் டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். "சூடா இருக்குடி, ஊதிக் குடி" என்றாள் மனைவி. குழந்தை கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதியது.

பால் மேல் சின்னச் சின்ன அலை எழுந்தது.

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். முதல் பொத்தான். இரண்டாவது. மூன்றாவது.

குழந்தை ஊதிக்கொண்டே இருந்தது.

"போதும்டி, ஆறிப்போயிடும்" என்று மனைவி சிரித்தாள்.

குழந்தையின் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. உதடு நீலம் பூத்தது. கண் மட்டும் அப்பாவைத் தேடித் திரும்பியது. நிறுத்த முடியவில்லை என்று அந்தக் கண் சொன்னது. அப்போதுதான் அந்த நெடி அவன் மூக்கில் ஏறியது.

சாராயம். சேறு.

"விட்டுடு மச்சான்!" என்று மேஜை மேல் பாய்ந்து குழந்தையை வாரி எடுத்தான். "சொல்லிடறேன். அவகிட்டயே சொல்லிடறேன். என் குழந்தையை விட்டுடு!"

"யார்கிட்ட பேசுறீங்க? என்னடி ஆச்சு உனக்கு? ஐயோ, மூச்சு விடுடி!"

"அன்னிக்கு உங்கண்ணன் குடிச்சிருந்தார்" என்று கத்தினான். "அந்தச் சீட்டு அவரோடது இல்ல. அவருக்குப் பதிலா நான்தான் ஊதுனேன். நான்தான் அவரை அனுப்பி வச்சேன்!"

அவன் தோளில் குழந்தை விக்கியது. ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்து, வீறிட்டு அழ ஆரம்பித்தது. அந்த அழுகையைக் கேட்டதும் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குழந்தையின் முதுகைத் தடவித் தடவி, "ஒண்ணுமில்லடா கண்ணு, போயிட்டாரு, போயிட்டாரு" என்றான்.

பிறகுதான் மனைவியைப் பார்த்தான்.

அவள் மேஜை விளிம்பைப் பிடித்தபடி நின்றிருந்தாள். திட்டவில்லை. அழவில்லை. நெஞ்சிலிருந்த எல்லாவற்றையும் காலி செய்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள்.

அவள் மறுபடி மூச்சை இழுக்கட்டும், என்ன வேண்டுமானாலும் திட்டட்டும் என்று அவன் காத்திருந்தான்.

குழந்தையின் அழுகை மெல்ல ஓய்ந்தது.

அவள் இன்னும் இழுக்கவில்லை; விட்டுக்கொண்டே இருந்தாள். மேஜையில், ஆறிப்போன பாலின் மேல் படிந்த ஏடு சுருங்கிச் சுருங்கி டம்ளரின் ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டே இருந்தது.