வடிவு இல்லாத ஏழடுக்குப் படங்கள்

வெண்குன்றத்தில் மாதத்துக்கு ஒரு தடவைதான் பொழுது விடியும். விடிகிற அன்றைக்குத் தெருவே உட்கார்ந்து கண்ணைக் கழற்றித் துடைக்கும். சோப்புத் தண்ணீரில் ஒரு முக்கு, மெல்லிய துணியில் ஒரு ஒற்று, திரும்ப மாட்டிக்கொண்டு அவரவர் அடுப்படிக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள்தான் மாட்டமாட்டேன் என்று அழும்.

கழற்றுவது முழுக் கண்ணை அல்ல, கருவிழிமேல் பதிந்திருக்கும் சமன்வில்லையை. வெண்குன்றம் இருப்பது நிலவில். அங்கே வெளியில் காற்று கிடையாது, அதனால் வெளிச்சம் பரவாது. வெயில் பட்ட பாறை கண்ணைப் பொசுக்கும். அதை ஒட்டிய நிழல் தார் ஊற்றியதுபோல் கிடக்கும். சமன்வில்லை முன்னதை அடக்கி, பின்னதைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே சீராகக் காட்டிவிடும். பார்வை எதன்மேல் ஊன்றி நிற்கிறதோ அதைப் படமாகவும் பதிந்து வைத்துக்கொள்ளும். ஆகவே அங்கே யார் வீட்டிலும் கேமரா கிடையாது, கிழக்குத் தெரு சிவசைலம் வீட்டைத் தவிர.

காற்றுச் சலவைக்கூடத்தில் வடிகட்டி மாற்றுகிற வேலை அவருக்கு. வேலை முடிந்தால் கேமராதான். சமன்வில்லை போட்டுக்கொள்ளவே மாட்டார். எவனோ சமைத்து வைத்ததை நான் ஏன் தின்ன வேண்டும் என்பார். வீட்டுக் கூடத்துச் சன்னலுக்கு எதிரே ட்ரைபாடை நிறுத்தி, ஒரே காட்சியை ஏழு தடவை எடுப்பார். முதலாவது கும்மிருட்டாக இருக்கும். அதில் சன்னலுக்கு வெளியே தொங்கும் பூமி மட்டும் நீலமாய், மேகச் சுருளோடு தெரியும். ஏழாவது வெளிச்சத்தில் குளித்திருக்கும். சன்னல் வெந்து வெள்ளையாகிவிடும், ஆனால் கூடத்து மூலையில் கிடக்கும் துடைப்பத்தின் ஈர்க்குச்சியைக்கூட எண்ணலாம். ஏழையும் ஒன்றாகக் குழைத்தால் பூமியும் தெரியும், துடைப்பமும் தெரியும். ஏழடுக்குப் படம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். சும்மா பார்த்தாலே தெரிவதற்கு இந்த மனுஷன் இத்தனை பாடுபடுகிறாரே என்று தெரு சிரித்தது. சிரிப்பில் எதிர்வீட்டுச் செண்பகராமனின் குரல்தான் பெரிது.

இப்போது சிவசைலத்தின் மனைவி வடிவு இறந்துபோனாள். நிலவுத் தூசி நெஞ்சில் படிகிற நோய். மருத்துவரிடம் போனபோது நுரையீரலில் பாதி கல்லாகியிருந்தது.

எங்கே போனாலும் நம் ஆட்கள் பதினாறாம் நாள் படத்திறப்பை விடுவதில்லை. மாலை போட்டு, திரை விலக்கி, நாலு பேர் நல்ல வார்த்தை சொன்னால்தான் போன உயிருக்கு மரியாதை. அதற்குப் படம் வேண்டும். ஊரிலேயே கேமரா வைத்திருக்கும் ஒரே ஆளிடம் பெண்டாட்டியின் படம் ஒன்றுகூட இல்லை என்ற செய்தி, குழாய் வெந்நீரைவிட வேகமாகத் தெருவில் ஓடியது.

கல்யாணப் படத்தில் அவள் தலை குனிந்திருந்தாள், வகிடுதான் தெரிந்தது. குடியேற்ற அலுவலகம் எலும்பின் வரைவை மட்டுமே வைத்திருந்தது, முகம் அவர்களுக்குத் தேவையில்லை. தெருக்காரர்கள் தங்கள் கண்பதிவுகளைத் துழாவிப் பார்த்தார்கள். வடிவு வாசலில் வந்து நின்ற நாட்களெல்லாம் இருந்தன. ஆனால் அவள் நீட்டிய கிண்ணம்தான் பதிந்திருந்தது. கருணைக்கிழங்கு மசியலில் மிதந்த கடுகுவரை துல்லியம். கிண்ணத்துக்கு மேலே ஒருவர் பார்வையும் ஏறியிருக்கவில்லை.

சிவசைலத்துக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. பன்னிரண்டு வருடமாக அந்தச் சன்னலை எடுக்கிறார்; அத்தனை நாளும் வடிவு குறுக்கே நடந்துகொண்டுதானே இருந்தாள். ஏழடுக்குப் படங்களை வரிசையாகத் திறந்தார். பூமி இருந்தது, துடைப்பம் இருந்தது. வடிவு இல்லை.

காரணம் அவருக்கே தெரிந்ததுதான். ஏழு படம் எடுத்து முடிவதற்குள் ஓர் ஆள் அசைந்தால், குழைக்கும்போது புகைபோல ஒரு கறை விழும். முதல் வருடம் வடிவு பூமியின் மேல் கறையாக விழுந்துகொண்டே இருந்தாள். ஆகவே அவர் கருவியில் அசைவுநீக்கியைப் போட்டுவைத்தார். ஏழிலும் ஒரே இடத்தில் இல்லாத எதுவும் அங்கே இல்லவே இல்லை என்று அது முடிவுகட்டித் துடைத்துவிடும். அதற்குப் பிறகும் தள்ளு தள்ளு என்று அவளை விரட்டியிருக்கிறார். அவள் தள்ளிப்போனாலும் போகாவிட்டாலும் ஒன்றுதான்.

குழைப்பதற்கு முந்திய மூலப்படங்கள் கேமராவின் அடிநினைவில் கிடந்தன. அவற்றில் ஏழாவதை மட்டும், அவர் மதித்துப் பார்த்தேயிராத அந்த வெந்த படங்களை மட்டும், ஒவ்வொன்றாகத் திறந்தார்.

வடிவு இருந்தாள். எல்லாவற்றிலும் இருந்தாள். ஈரத்தலையோடு, கையில் கரண்டியோடு, மடித்த துணியோடு. படம் நகர நகரக் காதோரம் நரைத்தது. ஓரிடத்திலிருந்து அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். அப்புறம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. இருமல் வந்தது போன வருடம் ஊர்க்கூடத்தில் மழை விட்டுக் கொண்டாடிய விழாவுக்குப் பிறகுதான் என்று மருத்துவரிடம் அவர் அடித்துச் சொல்லியிருந்தார். அந்தக் கை நாலு வருடமாக நெஞ்சிலேயே இருந்தது.

ஒரு படத்திலும் அவள் சன்னலைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தாள், வாய் பாதி திறந்தபடி.

சாப்பாடு கொண்டுவந்த இசக்கியிடம், செண்பகராமன் மனைவியிடம், அவர் அதில் ஒன்றைக் காட்டினார்.

"இதுல அவ என்ன சொல்லுதா, இசக்கி?"

"என்னத்த சொல்லப்போறாவ, அண்ணாச்சி. சோறு ஆறுதுன்னு சொல்லியிருப்பாவ."

"சோத்துக்கு நெஞ்சுல கை வைப்பாளா?"

இசக்கி தூக்குவாளியைக் கீழே வைத்தாள். படத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி உங்ககிட்ட கேக்கணும்னு மதினி என்கிட்ட ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தாவ. படம் எடுக்கும்போது பேசினா உங்களுக்குக் கோவம் வருமாமே. எடுத்து முடிக்கட்டும், எடுத்து முடிக்கட்டும்னு..."

தூக்குவாளியை அங்கேயே விட்டுவிட்டு இசக்கி வீட்டுக்குப் போனாள்.

படத்திறப்புக்கு அந்தப் படத்தையே வைத்தார். சன்னலைச் சரிசெய்ய ஒரு தடவை கை போனது, பூமியை மட்டும் மேலே ஒட்டினால் போதும். பிறகு கையை எடுத்துவிட்டார். திரை விலகியதும் கூட்டத்தில் சலசலப்பு. பின்னால் என்ன வெள்ளையாக இருக்கிறது, பூமி எங்கே, வாயைத் திறந்தபடியா வைப்பார்கள் என்றெல்லாம் பேச்சு வந்தது. துக்க வீட்டில் பேசக்கூடாதவற்றைப் பேசத்தானே துக்க வீட்டுக்குப் போகிறோம். ஆனால் செண்பகராமன் சிரிக்கவில்லை. கண்ணைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வந்து சிவசைலத்தின் கையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, எனக்கு நெஞ்செல்லாம் பதறுது. நாளைக்கு இசக்கிக்கு ஒண்ணுன்னா நானும் இப்பிடித்தான் நிப்பேன். அந்த ஏழடுக்க எனக்குச் சொல்லித்தாங்க."

சிவசைலம் ட்ரைபாடோடு கேமராவைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். அவளைப் பாரும், அது போதும் என்று ஏதோ சொன்னார்; கூட்டத்தில் சரியாகக் காதில் விழவில்லை. சோகத்தில் இருப்பவர் பேச்சு, யார் கவனித்தார்கள்.

பட்டது ஒருவர் என்றாலும் புத்தி வந்தது தெருவுக்கே. வார்ப்புக்கூடத்தில் கேமரா செய்து தள்ளினார்கள். வேலை முடிந்தால் வீட்டுக்கு வீடு சன்னலோரம் ஒரு பெண்பிள்ளையோ ஒரு தகப்பனோ கையைக் கட்டிக்கொண்டு விறைத்து நின்றார்கள். அசைவுநீக்கி யாரையும் விழுங்கிவிடக் கூடாது, ஆடாமல் நிற்க வேண்டும் என்று அத்தனை பேருக்கும் கண்டிப்பு. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. பரவாயில்லை, பாசம் அப்படி.

முதலில் தேறியது செண்பகராமன்தான். இசக்கியைச் சன்னலோரம் நிறுத்தி முகவாயைத் திருப்பிவிட்டு, ஓடிப்போய்க் கேமராவுக்குப் பின்னால் நின்றார்.

"இங்கேருங்க," என்றாள் அவள், "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"பேசாத. உதடு அசையும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஏழும் எடுத்தார், திருப்தியில்லாமல் இன்னொரு ஏழும் எடுத்தார். படம் அருமையாக வந்தது. பூமி நீலமாய், கூடம் பளிச்சென்று, நடுவில் இசக்கி, ஒரு கறைகூட இல்லாமல். தெருவே வந்து பார்த்தது. எத்தனை அடக்கமாக நிற்கிறாள், இப்படி ஒருத்தி அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எல்லாரும் செண்பகராமனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.