இடது பக்கத்துப் புல்லாங்குழல்

பிரின்சி எதைப் பார்த்தாலும் மார்க் போடுவாள். அம்மா வைத்த சாம்பாருக்கு ஏழு. எதிர்வீட்டுக் கோலத்துக்கு ஆறரை. செலின் டீச்சரின் புதுச் சேலைக்கு ஒன்பது. யாராவது கேட்டாலும் போடுவாள், கேட்காவிட்டாலும் போடுவாள். வாய் சும்மா இருக்காது.

அதனால் அருண் அண்ணன் மூன்று இயர்போன்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அருண் ஜோசப் அவளுடைய பெரியப்பா மகன். கீபோர்டு வாசிப்பான். உத்தமபாளையத்தில் பிரின்சி படிக்கும் பள்ளியில் ஆண்டு விழா வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் பாட வேண்டும். பாட்டுக்கு இசை போட்டவனும் அருண் அண்ணன்தான். போன வருடம் மேடை ஸ்பீக்கர் போட்ட கூப்பாட்டில் கீபோர்டு யார் காதிலும் விழவில்லை. பாட்டு தெற்கே கம்பம் பக்கம் போனது, கீபோர்டு வடக்கே போடி பக்கம் போனது. அதனால் இந்த முறை ஆளுக்கு ஒரு இயர்போன். இசை காதுக்குள்ளேயே வந்துவிடும்.

"மூணுமே விலை கம்மிதான்" என்றான் அருண் அண்ணன். "பிள்ளைக காதுக்கு எது சரியா உக்காருது, எதுல சத்தம் தெளிவா இருக்குன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. அதுலயே நாலு வாங்கிருவோம். மத்தத திருப்பி அனுப்பிரலாம்."

"நான் மார்க் போடுறேன்!" என்றாள் பிரின்சி.

"ஒன்ன யாரு தடுக்க முடியும்?"

சனிக்கிழமை பிரின்சி வீட்டில் மற்ற மூவரும் கூடினார்கள். ரூபன், பெனிஷா, கயல்.

கயல்தான் நான்கு பேரில் நன்றாகப் பாடுவாள். பிரின்சிக்கு உயிர்த்தோழி. போன ஜூன் மாதம்தான் வருசநாட்டிலிருந்து வந்து பள்ளியில் சேர்ந்தாள். அவள் அம்மா இருளம்மாள் பிரின்சியின் ஊரில் திராட்சைத் தோட்டத்து வேலைக்கு வந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் பள்ளிக்குப் போவார்கள்.

ஒரு விஷயம் மட்டும் பிரின்சிக்குப் புரிந்ததே இல்லை. பஸ்ஸில் இடப்பக்கத்துச் சீட்டு கிடைத்தால், ஜன்னலோரம் தனக்குத்தான் வேண்டும் என்று கயல் அடம்பிடிப்பாள். வலப்பக்கத்துச் சீட்டு கிடைத்தாலோ, "ஜன்னல நீயே வச்சுக்க" என்று விட்டுக்கொடுப்பாள்.

"ஒனக்கு ஒரு நாளைக்கு ஒரு புத்தி" என்று பிரின்சி கேலி செய்வாள். அந்தக் குணத்துக்கு நாலு மார்க்தான் போட்டிருந்தாள்.

சோதனை தொடங்கியது. விதிகள் எல்லாம் பிரின்சி வைத்தவை. இயர்போனைக் காதில் மாட்ட வேண்டும். தலையை உதற வேண்டும். பிறகு 'ஆ'வென்று வாயைத் திறந்து பாட வேண்டும். கடைசியாக ஒரு குதி குதிக்க வேண்டும்.

"பாடத்தானே போறோம்? எதுக்குக் குதிக்கணும்?" என்று கேட்டான் ரூபன்.

"மேடையில ஒன் கால் சும்மா இருக்குமாலே? குதி!"

கறுப்பு இயர்போனில் மேளச் சத்தம் திம்திம் என்று நன்றாக இருந்தது. ஆனால் அதன் ரப்பர் பெரிது, சின்னக் காதில் பாதிதான் நுழைந்தது. வாயைத் திறந்ததும் நழுவியது. ரூபன் குதித்தபோது தெறித்துப்போய் முறுக்குத் தட்டில் விழுந்தது.

"நாலு!" என்றாள் பிரின்சி.

வெள்ளை இயர்போனின் ரப்பர் சின்னது. அதன் வயரைக் காதுக்குப் பின்னால் சுற்றிவிட்டால் அசையவே இல்லை. மேளம் கொஞ்சம் மெலிவாகக் கேட்டாலும் பாட்டும் கீபோர்டும் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தன.

"எட்டு!"

சிவப்புதான் பார்க்க ரொம்ப அழகு. அதை மாட்டிய உடனே பிரின்சி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். இடது பக்கம் சத்தமே வரவில்லை! அருண் அண்ணனின் பாட்டில் கீபோர்டு வலது காதில் கேட்கும், புல்லாங்குழல் இடது காதில் கேட்கும். சிவப்பில் புல்லாங்குழலைக் காணோம்.

அதை அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யார் கண்டுபிடிக்கிறார்கள் பார்ப்போம் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அவள் பேசவேண்டிய நேரம் அது. அன்றைக்கென்று பார்த்து அந்த வாய் சும்மா இருந்தது.

பெனிஷா மாட்டினாள். "அய்ய, ஒரு பக்கம் வரல!"

ரூபன் மாட்டினான். "பாதிப் பாட்டு செத்துப்போச்சு!"

அடுத்த அறையிலிருந்து அப்போதுதான் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள் கயல். அவளும் மாட்டினாள். தலையை உதறினாள், பாடினாள், குதித்தாள்.

"இது நல்லாருக்கு. காதுல பாந்தமா உக்காருது" என்றாள்.

"சத்தம்?"

"சத்தமும் நல்லாத்தான் இருக்கு. மூணுலயும் ஒரே மாதிரிதான் கேக்குது."

பிரின்சி கைகொட்டிச் சிரித்தாள். "ஏய் கயலு! ஒரு பக்கம் மொத்தமாச் செத்துக் கிடக்கு, அது கூடத் தெரியலையா? ஒனக்கென்ன காது செவிடா?"

ரூபன் விழுந்து விழுந்து சிரித்தான். பெனிஷாவும் சிரித்தாள். கயலும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சிவப்பு இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அம்மா தேடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முறுக்கைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை அவள் செலின் டீச்சரிடம் போய், "தொண்டை சரியில்ல டீச்சர். நான் பாடல" என்று சொல்லிவிட்டாள். டீச்சர் எவ்வளவோ கேட்டும் மனம் மாறவில்லை. அவள் இடத்தில் ஜெஸ்லினைச் சேர்த்தார்கள். பஸ்ஸிலும் கயல் பின்வாசல் வழியாக ஏறிச் சின்னப் பிள்ளைகளோடு நின்றுகொண்டாள்.

"என்ன ஆச்சு ஒனக்கு?" என்று கேட்டாள் பிரின்சி.

"ஒன்னுமில்ல."

ஒன்றுமில்லை என்று சொல்கிறவளிடம் மேற்கொண்டு என்ன கேட்பது? பிரின்சிக்குக் கோபம்தான் வந்தது. 'விளையாட்டுக்குச் சொன்னதுக்கு இவ்வளவு வீம்பா?' என்று நினைத்தாள்.

அதற்குள் பிரின்சியின் பேச்சு வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. யாராவது ஒரு வார்த்தையைச் சரியாகக் கேட்காவிட்டால் போதும். "காது செவிடா?" என்று ரூபன் பிரின்சியைப்போலவே கைகொட்டுவான். வகுப்பே சிரிக்கும். கயல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு குனிந்திருப்பாள்.

ஆண்டு விழா நன்றாகவே நடந்தது. வெள்ளை இயர்போன் யார் காதிலிருந்தும் விழவில்லை. ரூபன் குதித்தபோதுகூட விழவில்லை.

பாட்டில் ஓர் இடத்தில் புல்லாங்குழல் தனியாக வரும். அது முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து தொடங்க வேண்டும். ஒத்திகையில் அருண் அண்ணன் கீபோர்டு மட்டும்தான் வாசிப்பான். "இங்கன புல்லாங்குழல் வரும், மனசுக்குள்ள நெனச்சுக்கங்க" என்பான். கயல் பாடிக்கொண்டிருந்தவரை, அந்த நேரத்தில் எப்போதும் பிரின்சியின் முகத்தையே பார்ப்பாள்.

"என் மூஞ்சில என்ன படமா ஓடுது?" என்று பிரின்சி கேட்பாள்.

மேடையிலும் அந்த இடம் வந்ததும் பிரின்சி பழக்கத்தில் பக்கத்தில் திரும்பினாள். அங்கே ஜெஸ்லின் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கயல் கீழே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்ததும் அவளும் கைதட்டினாள்.

"எத்தனை மார்க்?" என்று கேட்டான் அருண் அண்ணன்.

பிரின்சிக்கு மார்க் போடத் தோன்றவில்லை.

மறுவாரம் ஒரு மாலை நேரம், "அந்தச் சிவப்ப எடுத்து வை, திருப்பி அனுப்பணும்" என்றான் அருண் அண்ணன். எடுத்தவள் கடைசியாக ஒரு முறை மாட்டிப் பார்த்தாள். அண்ணனின் போனில் அந்தப் பாட்டைப் போட்டாள். வலது காதில் கீபோர்டு. இடது காதில் ஒன்றும் இல்லை. புல்லாங்குழல் வரும் இடத்தில் கீபோர்டு மட்டும் ஒரே மாதிரி நடந்துகொண்டிருந்தது. எப்போது தொடங்குவது என்றே தெரியவில்லை. பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்கள் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பிரின்சி இயர்போனைக் கழற்றினாள். கயலும் அப்படித்தானே தன் முகத்தைப் பார்ப்பாள்?

பஸ் நினைவுக்கு வந்தது. இடப்பக்கச் சீட்டில் ஜன்னலோரம் கயல். வலப்பக்கச் சீட்டில் ஜன்னலோரம் பிரின்சி. எந்தச் சீட்டில் உட்கார்ந்தாலும் பிரின்சி கயலுக்கு வலது பக்கத்தில்தான் இருப்பாள். ஜன்னலுக்காக அவள் ஒரு நாளும் அடம்பிடிக்கவில்லை. பிரின்சி பேசுவது கேட்க வேண்டும் என்றுதான் பிடித்திருக்கிறாள்.

"ஐயோ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். "நான் என்ன பேச்சுப் பேசிட்டேன்!"

அன்றைக்கு இரவு, புல்லாங்குழலை வலது காதுக்கே கொண்டுவர வழி தேடினாள். சிவப்பு இயர்போனை மாட்டிக்கொண்டு போனில் இருக்கிற ஒவ்வொரு செட்டிங்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒன்றைத் தட்டியதும் போனே வாயைத் திறந்து, திரையில் இருப்பதையெல்லாம் உரக்கப் படிக்கத் தொடங்கிவிட்டது. நிறுத்தத் தெரியவில்லை.

"என் போன என்னடி பண்ணுன?" என்று கத்தினான் அருண் அண்ணன்.

அதைச் சரிசெய்து வாங்கிக்கொண்டு மறுபடியும் தேடினாள். கடைசியில் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருந்தது. தட்டினாள். வலது காதில் கீபோர்டோடு சேர்ந்து புல்லாங்குழலும் வந்துவிட்டது! இரண்டு பக்கத்து இசையும் ஒன்றாகி ஒரே காதில் வந்தது. இடது பக்கம் செத்துப்போன அதே இயர்போனில்தான் வந்தது.

இது ஆண்டு விழாவுக்கு முன்னால் தெரிந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு அழுகையாக வந்தது.

மறுநாள் வகுப்பில் ரூபன் யாரையோ பார்த்து, "காது செவிடா?" என்று கைகொட்டினான்.

"ரூபா, அந்தப் பேச்ச விட்ரு" என்றாள் பிரின்சி.

"நீதான சொல்லிக் கொடுத்த?"

"ஆமா, நான்தான் ஆரம்பிச்சேன். தப்பு என்னோடது. விட்ருலே."

அவள் குரலைக் கேட்ட ரூபன் கையைக் கீழே போட்டான்.

அன்று மாலை வெள்ளை இயர்போனையும் அண்ணனின் போனையும் எடுத்துக்கொண்டு கயல் வீட்டுக்குப் போனாள். அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்திருந்த இருளம்மாள் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"வா ஆத்தா. இத்தன நாளா ஏன் இந்தப் பக்கமே வரல?" என்றார்.

கயல் வீட்டுப் பின்னால் ஒரு கல்மேல் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. இடது பக்கம் நிறைய இடம் இருந்தது. பிரின்சி சுற்றிப் போய் அவளுக்கு வலது பக்கத்தில், கல்லின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கயலின் கை நின்றது.

"தெரிஞ்சுபோச்சா?" என்று கேட்டாள்.

"ம்."

"சின்ன வயசுல காய்ச்சல் வந்துச்சு. அதுல இருந்து இந்தக் காது கேக்காது. பழைய பள்ளிக்கூடத்துல என் பேரச் சொல்லியே கூப்பிட மாட்டாக. அந்த வார்த்தையச் சொல்லித்தான் கூப்பிடுவாக. இங்கன யாருக்கும் தெரியாதுன்னு சந்தோஷமா இருந்தேன். சொன்னா பாட்டுல இருந்து எடுத்துருவாகன்னு சொல்லல. நீ அன்னைக்கு அப்படிக் கேட்டதும், தெரிஞ்சுதான் கேக்குறியோன்னு நெனச்சேன்."

"சத்தியமாத் தெரியாது கயலு. தெரியாட்டியும் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. என்னாலதான் நீ பாடாமப் போயிட்ட."

"விழாதான் முடிஞ்சிருச்சே" என்றாள் கயல்.

"முடிஞ்சிருச்சு" என்றாள் பிரின்சி. கொஞ்ச நேரம் அவளும் அவரைக்காய் ஆய்ந்தாள். பிறகு வெள்ளை இயர்போனை நீட்டினாள்.

"இதப் போட்டுப் பாரேன். ஒரே ஒரு தடவை."

கயல் யோசித்தாள். பிறகு வாங்கி மாட்டிக்கொண்டாள். பிரின்சி பாட்டைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் கயல் சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

"நிப்பாட்டு. இது என்ன?"

"எது?"

"இந்த ஊதுற சத்தம்."

"அதுதான் புல்லாங்குழல்."

"இது இதுலயேவா இருந்துச்சு? முதல்ல இருந்தேவா?"

"முதல்ல இருந்தே இருந்துச்சு."

கயல் அவரைக்காயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா போன்ல ஸ்பீக்கர் போயிருச்சு. இந்தப் பாட்ட இயர்போன்லதான் கேப்பேன், அதுல இது வரவே வராது. அருண் அண்ணன் நெனச்சுக்கங்கன்னு சொல்லும்ல, நான் எங்க ஊர்ல மாடு மேய்க்கிறவுக ஊதுற மாதிரி நெனச்சுக்குவேன். இது வேற மாதிரி இருக்கு."

பிரின்சியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அழுகாத" என்றாள் கயல். "முதல்ல இருந்து போடு."

பிரின்சி போட்டாள். இயர்போனின் இரண்டு பக்கமும் கயலின் காதுகளில் இருந்ததால் பிரின்சிக்கு எதுவும் கேட்கவில்லை. பாட்டு எங்கே போகிறது, புல்லாங்குழல் எப்போது வரும் என்று தெரியாமல் கயலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயல் கண்ணை மூடியிருந்தாள். ஓர் இடத்தில் மூச்சை இழுத்துச் சரியாகத் தொடங்கினாள். யார் முகத்தையும் பார்க்காமல் கடைசிவரை பாடினாள்.

பாடி முடித்துக் கண்ணைத் திறந்தபோது பிரின்சி இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிரின்சி," என்றாள் கயல், "என் மூஞ்சில என்ன படமா ஓடுது?"