குடித்துத் தீராத மை

கறுப்பு மை ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

மெக்கானிக் குனிந்து பார்த்தான். காலையில்தான் அந்தப் பழைய பிரிண்டரின் நான்கு மைத் தொட்டிகளையும் விளிம்பு வரை நிரப்பி, தூசி போகத் துடைத்து, விற்பனைக்கென்று மேஜைமேல் வைத்திருந்தான். ஒயரைக்கூட இன்னும் செருகவில்லை. அது பாலித்தீன் உறைக்குள் சுருண்டு கிடந்தது. எங்கேயோ ஒழுகியிருக்கும் என்று பிரிண்டரைத் தூக்கிப் பார்த்தான். அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு பொட்டு இல்லை.

"மை என்ன, ஆவியாவா போகும்?" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டான்.

மதியம் மூன்று மணிதான். ஆனாலும் மழை இருட்டிக்கொண்டு வந்ததில் கடைக்குப் பின்னாலிருந்த அந்தப் பழுதுபார்க்கும் அறைக்குள் சாயங்காலமே வந்துவிட்டது போலிருந்தது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஈரச் சுவரின் வாசனையும் மையின் கசப்பு நெடியும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. சுவரை அடைத்து நின்ற இரும்பு அலமாரியில், ஆயுள் முடிந்தது என்று அவனே தீர்ப்புச் சொல்லி வாங்கி வைத்த பதினொரு பிரிண்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

முடிந்ததாவது, மண்ணாவது. இந்த வகை பிரிண்டரில் ஒரு சங்கதி உண்டு. தன்னைத்தானே சுத்தம் செய்யும்போது வீணாகிற மையை, அடியில் இருக்கும் பஞ்சு குடித்துக்கொள்ளும். எவ்வளவு குடித்தது என்று மெஷினே எண்ணிக்கொண்டு வரும். எண்ணிக்கை நூறைத் தொட்டால் போதும், சிவப்பு விளக்கு மின்னும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் ஒரு தாள் எடுக்காது. மற்றபடி அது கல்லுக்குண்டு மாதிரி இருக்கும். பஞ்சை மாற்றி, லேப்டாப்பில் ஒரு பட்டனை அழுத்தி எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினால் இன்னும் பல வருஷம் ஓடும். அரை மணி நேர வேலை.

இதை அவன் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாய் கூசாமல் சொல்லுவான். ஆள் தலை மறைந்ததும் பட்டனை அழுத்துவான். பஞ்சை மாற்றச் சோம்பல்பட்டு அப்படியே விட்டு, இன்னொருவர் தலையில் கட்டிவிடுவான்.

மேஜைமேல் இருந்தது டைப்பிங் அக்காவின் மெஷின். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுத்து ஒண்டியாகப் பிழைத்தவள். போன மாதம் அதைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தாள்.

"தம்பி, நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுப்பா. இன்னொரு தடவ பாருங்க. இத விட்டா எனக்கு வேற கதியில்ல."

"முடிஞ்சு போச்சுக்கா. நான் என்ன, வெச்சுக்கிட்டா இல்லங்கிறேன்?"

அவள் அதன் மூடியைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள். புதுசு வாங்க அவளுக்கு வழியில்லை. படிக்கட்டுக்கு அடியில் இப்போது யாரோ குடை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டான்.

சர்ர்ர். டக்.

மூடிக்குள் ஏதோ இடமிருந்து வலமாக நகர்ந்தது. மின்சாரமே இல்லாத மெஷின். சிவப்பு விளக்கு ஒரு முறை மின்னி அணைந்தது. அவன் கண்ணெதிரிலேயே மஞ்சள் தொட்டி ஒரு மயிரிழை இறங்கியது. அதே நொடியில் அவன் தொண்டைக்குள் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது.

விழுங்கினான். கசந்தது. வாஷ்பேசினுக்கு ஓடித் துப்பினான். மஞ்சள். மறுபடி துப்பினான். நீலம்.

பின்னால் அலமாரியிலிருந்து இன்னொரு சத்தம் வந்தது. அப்புறம் இன்னொன்று. பதினொன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்களைச் சுத்தம் செய்யத் தொடங்கின, அவசரமே இல்லாமல். தொட்டிகள் இறங்கின. அவன் வயிறு கனத்தது. கதவுக்குப் பத்தடிதான் இருந்தது, கால் நகரவில்லை. நகக்கண்களில் கறுப்பு கசிந்தது. மேஜையைப் பிடித்தபடி நாற்காலியில் சரிந்தான்.

லேப்டாப் திரை தானாக விழித்துக்கொண்டது. எந்த மெஷினோடும் இணைக்காத லேப்டாப். அதில் எண்ணிக்கை ஏறியது. எண்பத்தாறு. தொண்ணூற்றொன்று.

அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பட்டனை அழுத்தினான்.

பூஜ்யம்.

அப்பாடா என்று மூச்சு விடப் பார்த்தான். மூச்சு உள்ளே போகவில்லை. உள்ளே இடமில்லை. குடித்ததெல்லாம் குடித்தபடியே இருந்தது. திரையில் எண்ணிக்கை முதலிலிருந்து ஏற ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக.

செல்போனை எடுத்து டைப்பிங் அக்காவின் நம்பரை அழுத்தினான். ஒரே ஒரு வாக்கியம். அக்கா, உங்க மெஷின் நல்லாத்தான் இருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க. அதைச் சொல்லிவிட்டால் இது நிற்கும். நிச்சயம் நிற்கும். மணி அடித்தது.

"ஹலோ, யாருங்க?"

வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. கீழ்த்தாடை தானாக இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. டக். வலப்பக்கம். சர்ர்ர். டக்.

மறுமுனையில் போனைக் காதோடு அழுத்தும் சரசரப்பு கேட்டது.

"இது என் மெஷின் சத்தமாச்சே," என்றாள் டைப்பிங் அக்கா. குரல் தழுதழுத்தது. "தம்பியா? சரி பண்ணிட்டீங்களா? ஓடுதா?"

இல்லை என்று தலையாட்ட முயன்றான். தாடைதான் ஆடியது. உதட்டோரம் வழிந்த மை கழுத்தில் இறங்கியது.

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி. நிறுத்திடாதீங்க. கொஞ்ச நேரம் கேட்டுக்கறேன்."

அவள் போனை வைக்கவில்லை. இடம். வலம். இடம். வலம். அலமாரியில் தொட்டிகள் காலியாகிக்கொண்டே வந்தன. அவன் கண்களின் வெள்ளைக்குள், அடியிலிருந்து மெல்ல மெல்லக் கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது.